கழுத்தில் ஒரு சிட்டிகை

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "எழுத்து சரியான்னு என்ற ஆதார் கார்டைப் பாத்துட்டுத்தான் எழுதுனீங்களா சார்?" என்று எங்கிருந்தாவது கேட்டுவிடுவார். அப்படிப்பட்டவர். இப்போது மகளோடு மங்கலத்தில் இருக்கிறார் என்று கேள்வி. நானும் அந்தக் கம்பெனியை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன.

நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. கைக்குழந்தைகளுக்கான உடுப்புகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். நான் பேக்கிங் மேனேஜர். அக்கா ஃபைனல் செக்கிங். தைத்து, இஸ்திரி போட்டு வருகிற ஒவ்வொரு பீஸையும் பெட்டிக்குள் போகுமுன் கடைசியாகப் பார்க்கிற மேசை அவருடையது. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவரான முதலாளிகூட, பக்கத்தில் ஆள் இல்லாதபோது "அக்கா என்ன சொல்லுச்சு?" என்றுதான் என்னிடம் கேட்பார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். தரக் கட்டுப்பாட்டில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்போடு திருப்பூருக்கு பஸ் ஏறியவன். அந்த நினைப்பை அக்கா முதல் வாரத்திலேயே காலி செய்தார்.

"இந்த லாட் ஓகேயாக்கா?" என்று கேட்டேன்.

"பாதி ஓகேங்க."

"மீதிப் பாதி?"

"அதைய இன்னும் பாக்கலீங்க."

ஒரே துணி, ஒரே டெய்லர், பத்துக்கு ஒன்று பார்த்தாலே போதும் என்று புத்தகத்தில் இருக்கிறது என்றெல்லாம் நான் படித்ததை எடுத்துவிட்டேன். அக்கா கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மத்த ஒம்பதையும் கொழந்தைகதானுங்களே போட்டுக்குது?" என்றார். நான் ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டேன்.

அவருக்கு எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும். பஸ்ஸில் போர்டைப் படித்துவிட்டு ஏறுவார்; ஏறியதும் கண்டக்டரிடம் ஊர் பெயரைச் சொல்லி விசாரிப்பார். டீ வந்தால் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கி அடியைப் பார்ப்பார். என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது வாழ்த்துக்கூடச் சொல்லாமல், தேதியையும் கிழமையையும் சுவரில் இருந்த காலண்டரில் ஒத்துப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார். பொருந்தி வந்திருந்தது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதால் எரிச்சலை விழுங்கிக்கொள்வோம்.

ஒரு தடவை சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் தரப்பிலிருந்து அதைச் சோதிக்க ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். பேக்கிங் ஹாலுக்குள் யாரும் நகையோடு நுழையக்கூடாது என்பது விதி. கம்மல், வளையல், ஊக்கு வரை எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். கைக்குழந்தைத் துணியில் சின்ன உலோகத் துண்டு சிக்கினாலும் விபரீதம். வெள்ளைக்கார அம்மாளும் எல்லாவற்றையும் கழற்றினார். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னக் குழலைக் கழற்றும்போது மட்டும் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்கச் சொன்னார். கேட்டுச் சொன்னேன்: பதினான்கு வருடம் வளர்த்த நாய் செத்துப்போய், எரித்த சாம்பலில் ஒரு சிட்டிகை உள்ளே இருக்கிறதாம்.

"நாயிங்களா?" என்றார் அக்கா. அன்று முழுக்க இஸ்திரி மேசை வரை அந்தக் கதைதான் ஓடியது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்.

அக்காவின் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். எப்போதும் நைட் ஷிப்டு. இவர் டே ஷிப்டு. காலையில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது இவர் கிளம்புவார். வாசலில் சாவி கைமாறும் நேரம்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரு நாள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், படுத்த இடத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. அக்கா அந்த நேரம் என் எதிரில் உட்கார்ந்து செக்கிங் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் அஸ்தி வாங்க மின் மயானத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே வேலை பார்ப்பவர் கலயத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மருமகன் வாங்கக் கை நீட்டியதும் அக்கா, "சித்தெ இருங்க" என்றார். பைக்குள்ளிருந்து ரசீதை எடுத்தார். கலயத்தில் கட்டியிருந்த அட்டையின் எண்ணையும் ரசீது எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

"இவரை எடுக்கறதுக்கு முன்னால வேற ஆரையாச்சும் அதுல வெச்சீங்களா?"

"இல்லீங்க சாமி. ஒருத்தரை எடுத்துப்போட்டுத்தான் அடுத்தவீங்களை வெப்போம்."

"நீங்க நின்னு பாத்தீங்களா?"

"என்ற கையாலதானுங்க எடுத்தேன்."

அதன் பிறகுதான் இரண்டு கையையும் நீட்டினார். அவிநாசிபாளையத்திலிருந்து வந்திருந்த அக்காவின் மாமியார் என் காதுபடவே சொன்னார்: "புருசனைப் பொட்டிச் சரக்காட்ட நெம்பர் பாத்து வாங்கறா பாரு. நெஞ்சா அது, கல்லு." உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கலயம் கைக்கு வந்ததும் அக்கா அப்படியே படியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "அவருதானுங்க சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதைப் பரிசோதித்தாலும் எனக்கு எரிச்சல் வந்ததில்லை.

கொடுமுடியில் அஸ்தியைக் கரைக்குமுன் ஒரு சிட்டிகையை எடுத்து, சட்டைக்கு உபரி பட்டன் போட்டு அனுப்புகிற குட்டிக் கவரில் வைத்துக்கொண்டார். மாமியாருக்கு அது பெரிய குறை. "ஆளைத் தண்ணியில உட்டுப்போட்டுப் பாதியைய ஊட்டுல வெச்சிருந்தா அவன் எப்புடிக் கண்ணு கரை சேருவான்?"

"பாதி இல்லீங்கத்தே, ஒரு சிட்டிகைதானுங்க. அவரு நகம் வெட்டிப்போட்டதே இதைவிட ஜாஸ்தி இருக்குமுங்க."

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் மேசைக்கு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், அந்த வெள்ளைக்காரம்மா கழுத்துல நாயப் போட்டிருந்துச்சுங்களே, அது எங்கீங்க கெடைக்கும்?"

நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்து முகம் சுட்டது. போனில் தேடி, அங்கேயே வாங்கச் சொல்லிவிட்டேன்.

எவர்சில்வர் டாலர். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழல், அதற்கு மிளகளவில் ஒரு திருகு மூடி, மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் வளையம். கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத செக்கிங் ஹாலில் நான் தாளைப் படித்துச் சொல்லச் சொல்ல அக்கா செய்தார். ஃபேனை நிறுத்தவும். கீழே வெள்ளைத் தாள் விரிக்கவும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். மரையில் ஒட்டிய தூளைத் துடைக்கவும். ஒரு சொட்டுப் பசை விட்டு மூடியைத் திருகவும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்கவும். சாம்பலைக் குழலுக்குள் சரிக்கும்போது அக்கா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சு விட்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.

பராமரிப்பு என்று தாளில் தனியாக இருந்தது. குளிக்கும்போது கழற்ற வேண்டும். சென்ட், பவுடர் படக்கூடாது. சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கக்கூடாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வாரம் ஒரு முறை மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"வாரத்துக்கு ஒருக்காவா? ஏனுங்க, மீதி ஆறு நாளு?" என்றார் அக்கா.

அன்றிலிருந்து தினமும் பார்த்தார். காலையில் குளிக்குமுன் கழற்றிக் கண்ணாடிப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். தலை உலர்ந்த பிறகுதான் திரும்பப் போடுவார். போடுமுன் பனியன் வேஸ்ட் துணியால் ஒரு துடை, இரண்டு விரலால் மூடியில் ஒரு திருகு. சங்கிலி ஒரு தடவை அறுந்து நகைப் பட்டறைக்குப் போனபோது, பட்டறைக்காரர் டாலருக்கும் சேர்த்துக் கை நீட்டியிருக்கிறார். பூந்திக்கொட்டைத் தண்ணியில் ஒரு முக்கு முக்கினால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். "தண்ணியில முக்க வேண்டியதையெல்லாம் கொடுமுடியிலயே முக்கியாச்சுங்க. நீங்க சங்கிலிய மட்டும் பத்த வைங்க" என்று டாலரை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். இதை அவரே சொல்லிச் சிரித்தார்.

தாலி இருந்த இடத்தில் அது தொங்கியது. எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. இஸ்திரி மேசையில் ஓர் அம்மா இருந்தார். "செத்தவீங்களைக் கழுத்துல கட்டீட்டு வந்தா தொழிலு வெளங்குமுங்களா?" என்று சொல்லி, சாப்பிடும்போது தன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அக்கா கோபப்படவில்லை. "உசுரோட இருக்கையில ஒரு நாளு ஒண்ணா உக்காந்து சோறு தின்னதில்லீங்க. இப்பத்தான் ஷிப்டு ஒத்து வந்திருக்குது" என்றார்.

விதிப்படி காலையில் டாலரை கேட்டில் கொடுத்துவிட்டு, மாலையில் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாட்ச்மேன் அதன்மேல் டீ ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டார். அன்று அக்கா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்களிடம் ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று உண்டு. ஒவ்வொரு பீஸும் அதன் பெல்ட்டில் ஏறிப் போகும். தையல் ஊசியின் முனை உடைந்து துணிக்குள் இருந்தால் கத்தும். டாலரை அதில் ஓட்டினேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவை ஓட்டினேன். இல்லை.

"பாருங்கக்கா, மெஷினே பேசாம இருக்கு. தாராளமாப் போட்டுக்கிட்டு வாங்க. சுடிதாருக்குள்ள இருக்கட்டும்."

"கத்தலீன்னா, இல்லீன்னு ஆயிருமுங்களா சார்?"

"அக்கா, நான் மேனேஜர். நான் சொல்றேன்."

டாலரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். டாலர் கூடவே இருக்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் போட்டுக்கொண்டார். தன் கண்ணை விட்டுவிட்டு அடுத்தவர் பேச்சை அவர் நம்பிய ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன். நம்பியது என் பேச்சை.

சில மாதங்கள் கழித்து ஓர் அவசர ஆர்டர். குழந்தைகளுக்கான வெள்ளை பனியன். இடம் போதாமல் அக்காவின் மேசையை நான்தான் இஸ்திரி மேசைகளுக்குப் பக்கத்தில் தள்ளிப் போடச் சொன்னேன். ஒரு வாரம் நாள் முழுக்க நீராவி முகத்தில் அடித்தது. தூத்துக்குடி போகிற லாரி வாசலில் வந்து நின்ற நாள், காலை டீ நேரத்தில் அக்கா என்னிடம் வந்தார்.

"லோடை நிறுத்துங்க சார்."

"ஏன்க்கா?"

சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினார். மூடி இல்லை. நீராவியில் பசை இளகி, மரை கழன்று விழுந்திருக்கிறது. குழலின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

எனக்கு முதலில் தோன்றியது மெஷின். எல்லாவற்றையும் இன்னொரு தடவை ஓட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அது எவர்சில்வர் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த மெஷினுக்குக் காந்தத்தில் ஒட்டுகிற இரும்பு மட்டும்தான் தெரியும்; எவர்சில்வர் ஒட்டாது. மூடி எந்தப் பனியனுக்குள் இருந்தாலும் அது பேசாமல்தான் இருக்கும்.

அடுத்துத் தோன்றியதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். "அக்கா, வேற யாருக்கும் தெரியாது. பஸ்லயே விழுந்திருக்கும். விடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"காத்தால கேட்டுப் பக்கத்துல நின்னு திருகிப் பாத்தனுங்க, இருந்துச்சு. பொறவு எங்க உழுந்துச்சுன்னு பாக்காம எப்புடிங்க சொல்றது?" அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "இதையப் போடற கொழந்தைக்குப் பல்லு மொளைக்கற வயசுங்க சார். கையில கெடைச்சதை வாயிலதான் வெக்கும்."

முதலாளி வந்தார். இதை உள்ளே போட்டு வந்தது யார் என்றார். "நானுங்க" என்றார் அக்கா. அதோடு நிறுத்திக்கொண்டார். யார் சொல்லிப் போட்டார் என்று சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று பேர் எங்களைத் தாண்டி நடந்து போனார்கள். அதற்குப் பிறகுதான், "நான்தான் போட்டுக்கச் சொன்னேன் சார். மெஷின்ல ஓட்டிப் பார்த்தேன்" என்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பு ஆரு மேலங்கறதைப் பொறவு பாத்துக்கலாம். எத்தனை பொட்டி பிரிக்கோணும்?"

"காத்தாலருந்து என்ற மேசையத் தாண்டிப் போனது முப்பத்தேழுங்க. நெம்பர் சொல்றனுங்க" என்றார் அக்கா.

முப்பத்தேழு பெட்டிகளையும் லாரியிலிருந்து இறக்கினோம். ஒவ்வொரு கவராகப் பிரித்து, ஒவ்வொரு பனியனாக விரித்து, மடிப்பையும் கைப்பட்டியையும் தடவிப் பார்க்க வேண்டும். செக்கிங், பேக்கிங், இஸ்திரி என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானச் சோறு பிந்திப்போனது. யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில், ஸ்டூலைத் தள்ளிப் போட்ட அந்த இஸ்திரி அம்மாதான் "அக்கா" என்று கூப்பிட்டார். அவர் கையில் ஒரு பனியன். தோள் மடிப்பில் மிளகளவு மூடி. அதைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. நீராவி ஈரத்தில் நன்றாகவே பதிந்திருந்தது. அந்த அம்மா அதை உதறவில்லை, கீழேயும் வைக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்து வந்து அக்காவிடம் கொடுத்தார்.

"இனி இது கேட்டைத் தாண்டி வரக்கூடாது. கேட்டுல ஒரு பூட்டு டப்பா வெக்கச் சொல்றேன்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு முதலாளி லாரியைப் பார்க்கப் போனார். அக்காவின் வேலை போகவில்லை. என் வேலையும் போகவில்லை.

ஒரு பீஸ் மட்டும் மிஞ்சியது. படிவு விழுந்ததை அனுப்ப முடியாது. அனுப்ப முடியாத பீஸை வேறு யாரும் விற்றுவிடாதபடி வெட்டித்தான் வேஸ்டில் போட வேண்டும். அது பையர் போட்ட விதி. கத்தரி அக்கா கையில்தான் இருந்தது.

"வெட்டித்தானுங்களே போடறது? அந்தத் துண்டை மட்டும் நான் எடுத்துக்கட்டுங்களா சார்?"

தலையாட்டினேன்.

படிவு இருந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தார். துண்டு டாலருக்குள் போகாது. அது அவருக்கும் தெரியும். பின்னல் துணி, ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துகொண்டே வரும். வரிசை வரிசையாக அவிழ்த்தார். வெள்ளையாக வந்த நூல்களை ஒதுக்கிப் போட்டார். சாம்பல் ஏறிய குட்டிக் குட்டி நூல்களை மட்டும் உள்ளங்கையில் சேர்த்து, உருட்டி, குழலுக்குள் நுழைத்தார். மூடியைத் திருகினார். இழுத்துப் பார்த்தார். சங்கிலியோடு என் கையில் கொடுத்து, "போகையில வாங்கிக்கறனுங்க" என்றார்.

கழித்த பீஸுக்குக் காரணம் குறிக்க ஒரு தாள் உண்டு. கறை, ஓட்டை, தையல் பிழை, ஊசிக் கோடு என்று கட்டங்கள் இருக்கும். அதை எடுத்து, பேனாவை முதல் கட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

"கறைன்னு போடாதீங்க சார்" என்றார் அக்கா. காலையிலிருந்து கலங்காத குரல் அங்கே உடைந்தது.

பனியனைப் பார்த்தேன். தோளில், அவர் வெட்டி எடுத்த இடம் சதுரமாகத் திறந்து கிடந்தது. 'ஓட்டை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

அக்கா எட்டித் தாளைப் பார்த்தார். பனியனைத் தூக்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"சரியாப் போட்டிருக்கீங்க சார்" என்றார்.